தேர்வுக்கூடத்தில் ஒரு தகப்பனார்

அயல்நாட்டில் பயின்ற செவிலியரின் தகுதியை உறுதிப்படுத்தும் பேரவைக்கு ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது; அதன் வாசலில் ஒரு நீரூற்று இருந்தது; மூன்றாம் மாடியில் ஒரு நோயாளி இருந்தார். அந்த நோயாளி ரப்பரால் ஆனவர்.

இந்த உண்மையைப் பேரவையில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தேர்வுக்கூடத்தில் பொம்மை என்ற சொல்லை உச்சரிப்பவருக்கு மதிப்பெண் குறையும் என்று சுவரிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள். பேரவையின் பதிவுகளின்படி அவர் அறுபத்தெட்டு வயதானவர், ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவியை இழந்தவர், வேர்க்கடலை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. விலாவுக்குள் பொருத்திய சிறு மோட்டார் அவருடைய மார்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். அலுவலகம் முடியும் வேளையில் காவலாளி கீழ்த்தளத்தில் மெயின் சுவிட்சை அணைப்பார். பெரியவரின் மூச்சு நின்றுவிடும். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும், ஒன்றும் நடவாதது போல் மூச்சு திரும்பும். மரணத்தை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த இன்னொருவரை மருத்துவ உலகம் கண்டதில்லை.

தேர்வுக்கு வந்தவர்கள் தமக்குள் அவருக்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிரில் போய் நின்றாலே கைகால் உதறும். அவரோ வாயே திறக்கமாட்டார். குறைகள் மட்டும் பிற்பாடு வேறொருவர் மூலமாக வந்து சேரும்.

தேர்வுக்கு முந்தைய அறிமுகக் கூட்டத்தில் பேரவையின் தலைவி பேசினார். கழுத்தில் பட்டுத் துணியும் முகத்தில் நிரந்தரமான பரிவும் அணிந்த அம்மையார் அவர்.

"நாங்க நிஜமான நோயாளிங்களையே பாத்துட்டு வந்தவங்கதானேன்னு உங்கள்ல சில பேரு நினைக்கலாம். பிரச்சனையே அதுதான். நிஜ நோயாளிங்க ஆளுக்கு ஒரு மாதிரி இருப்பாங்க. அவங்களை வெச்சு யாரோட தகுதியையும் அளக்க முடியாது. எங்க நோயாளி எப்பவும் ஒரே மாதிரி. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட அவரைக் குணப்படுத்தினது கிடையாது. எங்க தரம் அப்படி!"

கை தட்டினார்கள். தலைவி மேலும் கனிந்தார்.

"இந்த நாட்டு ஆளுங்களுக்கு அரசாங்கம் குடுக்கற குடியிருப்பு எண்கூட அவருக்கு இருக்கு. எண் இல்லாத ஆளுக்கு எங்க கம்ப்யூட்டர் கட்டில் ஒதுக்காது. அதனால முறைப்படி விண்ணப்பிச்சு வாங்கினோம். அவரைத் தொடறதுக்கு முன்னாடி சம்மதம் கேக்கணும். நியாயமான நேரம் காத்திருக்கணும். மறுப்பு சொல்லலைன்னா, சம்மதிச்சதா அர்த்தம்."

கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தவளைச் சொந்த ஊரில் எல்லோரும் சிஸ்டர் என்றே அழைத்தார்கள். அரசு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் பல்லாண்டு காலம் பணி செய்தவள். ஒரு கட்டிலில் இருவர், கட்டிலுக்கு அடியில் ஒருவர் என்று படுத்திருந்த கூட்டத்தில் யாருக்கு எந்த மருந்து என்பதை முகம் பார்த்தே சொல்லக்கூடியவள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதியோர் இல்லமொன்றில் உதவியாளராக இருந்தாள். உதவியாளர் முதியவர்களைக் குளிப்பாட்டலாம், ஊட்டலாம், துடைக்கலாம்; நோயை மட்டும் கண்டுகொள்ளக் கூடாது. நெற்றியைத் துடைக்கும்போது அவள் கைக்குக் காய்ச்சல் தெரியலாம். அவளுக்குத் தெரியக் கூடாது. உரிமம் பெற்ற செவிலியர் வந்து கருவியை வைத்துப் பார்த்து, "காய்ச்சல்" என்று அறிவிக்கும்போது அவள் முறைப்படி வியப்படைய வேண்டும்.

இதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் உதவியாளர்கள் பிள்ளைகளை அழைத்து வந்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. உரிமம் பெற்ற செவிலியருக்கே அந்தச் சலுகை. அவளுடைய ஆறு வயது மகள் குட்டி, ஊரில் அப்பாவோடும் தாத்தாவோடும் இருந்தாள். போனை எடுத்ததும் சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கமாட்டாள்.

"வந்துருச்சாம்மா?"

"இன்னும் வரலைடா தங்கம்."

"சரி, வெச்சிரட்டுமா?"

உரிமம் வராத நாள்களில் அம்மாவோடு பேசுவதற்குக் குட்டிக்கு வேறு விஷயம் இருக்கவில்லை.

தேர்வு நாளன்று அவள் எதையும் தவறவிடவில்லை. கையைக் கழுவினாள், மாமனாரிடம் பெயரைச் சொன்னாள், ஊசி போடலாமா என்று கேட்டாள், நியாயமான நேரம் காத்திருந்தாள், அவர் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய முழங்கை விறைத்துக்கொண்டு மடங்க மறுத்தது. ஊசிக்குப் பயந்து கையை இறுக்கிக்கொள்ளும் எத்தனையோ கிழவர்களை வார்டில் பார்த்தவள் அவள். கை தானாக அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தது; வாய் தானாகப் பேசியது.

"கையைக் கொஞ்சம் தளர்த்துங்கப்பா. ஒண்ணும் இல்லப்பா, சுருக்குன்னு ஒரு நிமிஷம்தான். இதோ முடிஞ்சிருச்சு பாருங்க."

அந்த நாட்டு மொழியில்தான் சொன்னாள். அப்பா என்பதற்கு அவர்கள் வழங்கும் சொல்லையே பயன்படுத்தினாள். மொழியைத்தான் அவள் மாற்றிக்கொண்டிருந்தாள்; பழக்கத்தை அல்ல.

பக்கத்தில் நின்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த தேர்வாளரின் பேனா நின்றது.

அடுத்த வாரம் பேரவையின் செயலாளரிடமிருந்து கடிதம் வந்தது. நெருங்கிய உறவினருக்குச் செவிலியர் சிகிச்சை அளிப்பது நெறிமுறைக்கு விரோதமென்றும், தேர்வர் தம் தந்தைக்கு ஊசி போட்டது பதிவாகியிருப்பதாகவும், உறவுமுறை விசாரணைக் குழுவின் முன் அவர் நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது.

அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த அக்கா கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அக்காவும் செவிலியர்தான், மாமனாரிடம் பலமுறை தோற்றவள்.

"நான் அவர் காலை மிதிச்சுட்டு சாரி சொல்லலைன்னு ஃபெயிலு. நீ அவருக்கே மகளாகி ஃபெயிலு. உன்னோடதுதாண்டி கௌரவமான ஃபெயிலு!"

"சிரிக்காதக்கா. போய் உள்ளதைச் சொன்னா விட்டுருவாங்க."

"உள்ளதைச் சொல்லி விட்டுருவாங்களா? நீ இன்னும் இந்தக் கட்டடத்தைச் சரியா பாக்கலை. நானும் கூட வர்றேன்."

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் தலைவி, செயலாளர், நெறிமுறை அறிஞர் ஒருவர் ஆகியோர் அமர்ந்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் மாமனாரையும் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். அவருடைய இணைப்புக் கம்பியைச் சுவரில் செருகிய பிறகே நடவடிக்கை தொடங்கியது.

"இவரை அப்பான்னு கூப்பிட்டீங்களா?" என்றார் தலைவி.

"ஆமாங்க."

"இவர் உங்க அப்பாவா?"

"இல்லீங்க. வயசானவங்களை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு மரியாதைக்கு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெறிமுறை அறிஞர் முன்னால் சாய்ந்தார்.

"அப்படின்னா, நோயாளிகிட்ட நீங்க பொய் சொல்லியிருக்கீங்க."

"ஐயோ, பொய் இல்லீங்க…"

"மனைவியை இழந்தவர். பிள்ளைங்க கிடையாது. தனியா படுத்திருக்கார். திடீர்னு ஒரு பொண்ணு வந்து அப்பாங்குது. அப்புறம் ஊசியைப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிருது. அந்த மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு யோசிச்சீங்களா?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மாமனாரின் மார்பு ஏறி இறங்கியது.

"எங்க ஊர்ல என்னையே எல்லாரும் சிஸ்டர்னுதாங்க கூப்பிடுவாங்க," என்று அவள் விளக்கிப் பார்த்தாள். "டாக்டரு, நோயாளி, கேட்டுல நிக்கிற வாட்ச்மேன், எல்லாரும். அதுக்காக நான் அவங்க கூடப்பிறந்தவளா?"

தலைவி விண்ணப்பத்தின் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார்.

"குடும்ப விவரத்துல ஒரே ஒரு தம்பின்னுதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க."

"இப்போ ஒரு ஆஸ்பத்திரி முழுக்கக் கூடப்பிறந்தவங்க இருக்காங்கன்னு சொல்றீங்க. எங்ககிட்ட இன்னும் எதை எதை மறைச்சிருக்கீங்க?"

உடன்பிறந்தவர்களின் பெயர், வயது, முகவரி அடங்கிய திருத்திய பட்டியலைத் தனியே கேட்பது என்று தீர்மானித்துவிட்டு, தேநீருக்காகக் குழு எழுந்தது. மாமனாரைச் செயலாளர் தாமே சன்னலோரம் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினார்.

தாழ்வாரத்தில் அக்கா காத்திருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டு, விரல் விட்டு எண்ணுவது போல் யோசித்தாள்.

"இங்க பாரு. அவர் அப்பா இல்லைன்னா நீ நோயாளிகிட்ட பொய் சொன்னவ. அதுக்கு ஆயுசுக்கும் தடை. அவர் அப்பான்னா உறவுக்காரருக்கு ஊசி போட்டவ. அதுக்குத் தேர்வு மட்டும்தான் ரத்து. எது வேணும் உனக்கு?"

"என்னக்கா சொல்ற, ஒரு ரப்பர் பொம்…"

"உஷ்! சுவத்துக்கும் காது இருக்கற கட்டடம் இது. பேசாம அப்பாவை ஏத்துக்க."

அவள் குட்டியை நினைத்தாள். ஆயுட்காலத் தடையை நினைத்தாள். உள்ளே போனபோது அவள் முகத்தில் ஒரு மகளுக்குரிய அடக்கம் வந்திருந்தது.

"யோசிச்சுப் பாத்தேங்க. அவர் எங்க அப்பாதான்."

அறையில் பெரும் நிம்மதி பரவியது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் தலைவி. "எவ்வளவு காலமா அவரைத் தெரியும்?"

"பொறந்ததுலேருந்துங்க."

"ஆனா பிள்ளைங்க இல்லைன்னுதானே பதிவுல இருக்கு?" என்று நெறிமுறை அறிஞர் கேட்டார்.

அவள் மாமனாரை ஒருமுறை பார்த்தாள். "அவர் சொல்லியிருக்கமாட்டாருங்க. அதிகம் பேசறவர் இல்ல."

"அது எங்களுக்கும் தெரியும்," என்றார் செயலாளர் தழுதழுத்த குரலில். பிறகு மாமனாரிடம் சம்மதம் கேட்டார்கள், நியாயமான நேரம் காத்திருந்தார்கள், அவர் மறுக்கவில்லை.

தீர்ப்பு அன்றே எழுதப்பட்டது. அவளுடைய தேர்வு ரத்து. உறவற்ற வேறொரு நோயாளியைப் பேரவை பெறும்வரை அவளுக்கு மறுதேர்வு இல்லை. பேரவையிடம் இருப்பவர் ஒரே நோயாளி என்பதால், இன்னொருவரை வாங்குவது குறித்து ஆராயத் துணைக்குழு அமைக்கப்படும். நோயாளியின் பதிவேடு திருத்தப்படும்: பிள்ளைகள், மகள் ஒன்று. திருத்தத்தின் நகல் குடியேற்ற அலுவலகத்துக்கு.

அறைக்குத் திரும்பியவள் உடுப்பைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். துணைக்குழு கூடி, ஆராய்ந்து, இன்னொரு மாமனாரை வாங்கி முடிப்பதற்குள் குட்டிக்குக் கல்யாண வயதே வந்துவிடும் என்று தோன்றியது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று கையை நிறுத்தினாள்.

"ஏண்டி, மாமனாருக்குக் குடியிருப்பு எண் இருக்குல்ல?"

"இருக்கு. அந்தம்மாதான் பெருமையாச் சொன்னாங்களே."

"அப்ப உங்கப்பா இந்த நாட்டு ஆளு."

அவள் திரும்பிப் படுத்தாள்.

"இந்த நாட்டு ஆளோட பேத்திக்கு இங்க வந்து இருக்க உரிமை உண்டு. உன் லைசென்சை எவன் கேட்டான்? குட்டி அவங்க தாத்தா வீட்டுக்கு வர்றா. அவ்வளவுதான்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெங்காயத்தின் புண்ணியத்தால் இருவர் கண்ணிலும் நீர் இருந்தது.

குடியேற்ற அலுவலகத்தில் அவளுடைய விண்ணப்பத்தை வாங்கிய அதிகாரி, திரையில் பெரியவரின் விவரங்களைப் பார்த்துப் பார்த்து வியந்தார்.

"உங்கப்பா மாதிரி ஒரு மனுஷரை நான் பாத்ததே இல்லம்மா. ஒரு அபராதம் கிடையாது. வீடு மாறினது கிடையாது. ஒருநாள்கூட நாட்டை விட்டு வெளிய போனது கிடையாது. எல்லாரும் இப்படி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இருக்காது."

"ரொம்ப அமைதியானவருங்க."

"தெரியுது. இவ்வளவு வருஷத்துல ஒரு புகார்கூட எழுதலையே."

பேத்தியை ஏற்பதற்குப் பெரியவரின் சம்மதம் வேண்டியிருந்தது. காப்பாளர் என்ற முறையில் பேரவைச் செயலாளர் விண்ணப்பத்தை அவருடைய காதருகில் முழுவதும் படித்துக் காட்டினார், மறுப்பு எழவில்லை. மருமகன் வருவதற்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாதாம்: மருமகனை ஏற்கும் விஷயத்தில் மாமனாரின் மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ள முடியாது, கையெழுத்து கட்டாயம் என்று விதியில் தெளிவாக இருந்தது.

அவள் போனில் இதைச் சொன்னபோது கணவன் சிரித்தான்.

"பரவால்ல விடு. எந்த மாமனார்தான் எனக்கு வாயைத் திறந்து சரின்னு சொல்லியிருக்காரு? இங்க ஒருத்தர் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. பேசு."

அவளைப் பெற்றவரின் குரல் வந்தது. "வேற அப்பன் பாத்துக்கிட்டியாமே?"

"அப்பா, அது ஒரு இதுக்காகப்பா…"

"மாப்பிள்ளை எல்லாம் சொன்னாரு. ஆளு என்ன உத்தியோகம் பாத்தாராம்?"

"தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவருப்பா."

"பென்ஷன் உண்டா?"

"இருக்கும்ப்பா."

"குடிப்பழக்கம்?"

"தண்ணியே குடிக்கமாட்டாருப்பா."

"என்னை விடத் தேவலைதான். புள்ளையை அனுப்பி வைக்கிறேன்."

விடுப்பில் ஊருக்குப் போன அக்கா, திரும்பி வரும்போது குட்டியைக் கையோடு அழைத்து வந்தாள். ஆனால் நிரந்தர அனுமதிக்கு இன்னும் ஒரு படி இருந்தது. பேத்தியையும் அவளுக்கு ஆதரவாளரான தாத்தாவையும் அதிகாரி நேரில் ஒருசேரப் பார்த்து, உறவு உயிரோடு இருக்கிறதென்று சான்றளிக்க வேண்டும். தவறினால் குட்டி அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியதுதான்.

பேருந்தில் அவள் மகளைத் தயார் செய்தாள்.

"அங்க ஒரு தாத்தா படுத்திருப்பாரு. யாருன்னு கேட்டா, தாத்தான்னு சொல்லணும்."

"எந்தத் தாத்தா?"

"புதுத் தாத்தா."

"என்கூடப் பேசுவாரா?"

"மாட்டாருடா."

"கோவமா?"

"சுபாவம்."

குட்டி இதை ஏற்றுக்கொண்டாள். அப்படிப்பட்ட பெரியவர்களை ஊரிலும் பார்த்திருந்தாள்.

குடியேற்ற அதிகாரி தாமதமாகத்தான் வந்தார். தேர்வுக்கூடத்தில் மற்ற கட்டில்களெல்லாம் மூடிக் கிடந்தன. மாமனார் மல்லாந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு யாரோ தலை வாரிவிட்டிருந்தார்கள். செயலாளர் டை கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அதிகாரி குனிந்து கேட்டார். அம்மா மகளுக்கு மொழிபெயர்த்தாள்.

"பாப்பா, இவர் யாரு?"

குட்டி கட்டிலை நெருங்கினாள். பெரியவரின் முகத்தை ஒரு பக்கம் பார்த்தாள். மறுபக்கம் போய்ப் பார்த்தாள். ஒரு விரலால் கன்னத்தை அழுத்தினாள். கன்னம் குழிந்தது, விரலை எடுத்ததும் மெதுவாக மேலே எழும்பி வந்தது. குட்டியின் கண்கள் விரிந்தன. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்நேரத்தில் கீழ்த்தளத்தில் காவலாளி தம் கடமையைச் செய்தார்.

விளக்குகள் அணைந்தன. சன்னல் வழியே வந்த சாயங்கால வெளிச்சத்தில் மாமனாரின் மார்பு ஒருமுறை தாழ்ந்து, மறுபடி எழாமல் நின்றுபோயிற்று.

அதிகாரி மார்பைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"மூச்சு நின்ன மாதிரி இருக்கே?"

அதிகாரி செயலாளர் பக்கம் திரும்பினார்.

"ஆதரவாளர் உயிரோட இருந்தாத்தான் இது செல்லும். நீங்க காப்பாளர்தானே, என்ன ஆச்சு இவருக்கு?"

செயலாளருக்கு வியர்த்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள் என்று சொன்னால் போதும். ஆனால் சுவிட்சைச் சொன்னால் மோட்டாரைச் சொல்ல வேண்டும், மோட்டாரைச் சொன்னால் சுவரில் தடைசெய்து மாட்டியிருக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவளோ, வார்டில் எத்தனையோ மூச்சுகளைத் திருப்பிக் கொண்டுவந்தவள், உறவினருக்குச் சிகிச்சை அளிக்கக் கூடாது என்ற நெறிமுறையால் கட்டுண்டு நின்றாள்.

"உஷ்!"

குட்டி உதட்டின் மேல் விரலை வைத்திருந்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆனாலும் அவள் தொடர்ந்து சொன்னதை அம்மா தாழ்ந்த குரலில் அந்த நாட்டு மொழியில் சொன்னாள்.

"சத்தம் போடாதீங்க. தாத்தா தூங்கறாரு."

குட்டி சொல்லிவிட்டு, காலடியில் சுருண்டிருந்த போர்வையை எட்டி இழுத்துப் பெரியவரின் கழுத்துவரை போர்த்தினாள். நழுவிக் கிடந்த கையை எடுத்து உள்ளே வைத்தாள். விறைத்த முழங்கை மடங்க மறுத்தபோது, தோளை இரண்டு தட்டுத் தட்டினாள், அது மடங்கியது.

அதிகாரியின் முகம் இளகியது. "அதானே பாத்தேன்," என்றார் கிசுகிசுப்பாக. உயிருடன், காலமானார் என்ற இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, ஓரத்தில் 'உறங்குகிறார்' என்று எழுதினார். உறவு என்ற இடத்தில் முத்திரையை ஓசைப்படாமல் அழுத்தினார். பிறகு செருப்பின் முன்பகுதியை மட்டும் ஊன்றி வெளியேறினார்.

அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கதவைத் தாண்டும்போது செயலாளர் பின்னாலேயே நுனிக்காலில் வந்தார். கட்டில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவள் காதருகில் குனிந்தார்.

"உங்க லைசென்ஸ் விஷயம்…"

"சொல்லுங்க."

"அவர் எந்திரிச்சதும் பேசிக்கலாம்."